டிங்கி என்று சொல்லிவைத்தோம்

சளி என்ற சொல்லை நான் வாயால் சொன்னதே கிடையாது. ஆபீசில் இருமல் வந்தால் "தொண்டை கொஞ்சம் சரியில்லை" என்பேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமிவிட்டு வருவேன். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் பத்திரங்கள் தயார் செய்யும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க லோரி டிரைவர்கள் வந்து போவார்கள். வாசலில் யாராவது காறித் துப்பினால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெதடிஸ்ட் சபையில் பாடகர் குழுவை நடத்துவேன். அங்கேயும் என் பெயர் "சுத்தக்கார கிரேஸ்" என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்டவளுக்கு வந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நெஞ்சில் கட்டியிருந்த சளியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துப்பிக் கொடுப்பது. அதை நான் எவ்வளவு கேவலமாகச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வெள்ளம் வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குச் சேறு. நிவாரண மையத்தில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். யாரோ போட்டுக் கழற்றியது என்று நான் வாங்கவில்லை. என் கணவர் சாமுவேல் இரவல் வாங்கி வந்த ஜெட் பம்பால் சுவர்களில் தண்ணீர் பீய்ச்ச, நான் வெறுங்காலோடு நின்று தேய்த்தேன். சேற்றுத் தண்ணீர் புகைபோல எழும்பி முகத்தில் அடித்தது. உதட்டில் மண் ருசி இருந்தது. குதிகால் வெடிப்பில் எரிச்சல். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலில் செருப்பில்லாமல் நிற்கக் கூடாது என்று கிளினிக்கில் பலமுறை சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. பகலில் இறங்கும், சாயங்காலம் ஏறும். பக்கத்துக் கிளினிக் டாக்டர் ஆண்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். ஒன்றுவிடாமல் முடித்தேன். காய்ச்சல் போகவில்லை. உடம்பு இளைத்தது, சர்க்கரை ஏறியது. பாட்டுப் பயிற்சியில் ஒரு வரியை முழுசாக இழுத்துப் பாட மூச்சு போதாமல் பியானோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே சாமுவேல் என்னைக் காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. என்னைப் பார்த்தது டாக்டர் கவிதா என்ற சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், தலைமுடியைப் பேனாவால் கொண்டை போட்டிருந்தாள்.

"ஆன்டி, இந்த இடத்துல இப்படித் தெரிஞ்சா முதல்ல டிபியான்னு பார்க்கணும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் முடியற வரைக்கும் தனி ரூம்ல இருக்கணும்."

காசநோய். எனக்கு உயிர்ப்பயம் வரவில்லை. முதலில் என் கண்முன் வந்தது பாடகர் குழு. ஒரே மைக்கில் என்னோடு பாடியவர்கள், திருவிருந்தில் எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டவர்கள். அவர்கள் முகத்தை நினைத்தேன்.

"யாராவது கேட்டா டிங்கி காய்ச்சல்னு சொல்லுங்க," என்றேன் சாமுவேலிடம்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். "எதுக்கு கிரேஸ் பொய்?" என்றார்.

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

சொன்னார். அன்றிலிருந்து பப்பாளி இலைச் சாறு வரத் தொடங்கியது. கொசுவால் வரும் டிங்கிக்கு, அதாவது டெங்குவுக்கு, அது நல்லது என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். சபை ஜனங்கள் ஆளாளுக்கு அரைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, பெயர் ஒட்டி, எங்கள் வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டுப் போனார்கள். கிள்ளானில் எத்தனை பப்பாளி மரங்கள் மொட்டையாயினவோ தெரியாது. வீணாக்க மனசில்லாமல் சாமுவேல் ஒரு பாட்டிலைக் குடித்துப் பார்த்தாராம். "வேப்பிலைய பாகற்காயோட அரைச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்தேன். பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் என் டிங்கிக்காகச் சபையை எழும்பி நின்று ஜெபிக்க வைத்தார் என்று சாமுவேல் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

என் அறைக் கதவில் முகக்கவசப் படம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டைக் கொண்டுவருகிறவர் தட்டை வைத்துவிட்டுச் சட்டென்று வெளியே போவார். கையில் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரத்தம் எடுத்து அதிலே கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை.

"அப்ப சளிதான் ஆன்டி நமக்கு வழி," என்றாள் டாக்டர் கவிதா. அந்தச் சொல்லை அவள் சர்க்கரை, உப்பு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "எச்சில் இல்ல, நெஞ்சுக்குள்ள இருந்து வரணும். லேப்ல அத வளர்த்துப் பார்த்தா எந்தக் கிருமின்னு தெரியும். அப்புறம் எந்த மருந்துக்கு அது சாகுது, எதுக்குச் சாகலன்னு பார்ப்பாங்க. இப்ப நாங்க போடற ஊசி ஒரு யூகம்தான். பொதுவா வர்ற நிமோனியாவுக்குப் போடறது."

டிபியாக இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டிவிடும் என்பதால், சளியைக் காற்றோட்டமான இடத்தில் எடுக்க வேண்டும். வார்டுக்குப் பின்னால் ஒரு திறந்த வராந்தா இருந்தது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு அங்கே போக வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, நிறுத்தி, வயிற்றிலிருந்து இருமி டப்பாவில் துப்ப வேண்டும். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் மலாய் நர்ஸ் ஒருவர் அதைச் செய்தே காட்டினார். ஆனால் வராந்தாவுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தவர்போல இருந்தது.

நான் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பி மூடினேன்.

லேபிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது வாயின் உள்தோல் செல்கள்தான் நிறையத் தெரிந்ததாம். எச்சில் என்று ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த டப்பாவும் அப்படியே ஆனது. "இதுவும் ஆயிர் லியோர்தான், எச்சில்," என்றார் மிஸி, திட்டாமல்.

"வரமாட்டேங்குது," என்றேன்.

வந்தது. ராத்திரியெல்லாம் வந்தது. நெஞ்சில் கரகரவென்று ஏறித் தொண்டைக்கு வரும். பக்கத்து அறைக்குக் கேட்குமே, மிஸிகளுக்குக் கேட்குமே என்று அதை நான் விழுங்கினேன். பேரன் பேத்தி எடுக்கும் வயதில், நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக என்னைக் கொல்ல வந்ததை நானே விழுங்கிக்கொண்டிருந்தேன். இதை இன்று வரை சாமுவேலிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஊசி வேலை செய்யவில்லை. மூச்சு குறைந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். பிறகு அது போதாமல் முகத்துக்கு மாஸ்க் போட்டார்கள். புதிய எக்ஸ்ரேயில் திட்டு பெரிதாகியிருந்தது. டாக்டர் கவிதா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"கண்ண கட்டிக்கிட்டு கல்லெறியற மாதிரி இருக்கு ஆன்டி. எந்தக் கிருமின்னு தெரியாம மருந்த மாத்தி மாத்திப் போட்டா நாள்தான் போகும். நெஞ்சுக்குள்ள குழாய் விட்டு எடுக்கலாம், ஆனா இப்ப உங்க மூச்சு இருக்கிற நிலைமையில அது ஆபத்து."

சாமுவேல் வெளியே போய்த் தன் தங்கச்சிக்குப் போன் செய்தார்.

லில்லி என் நாத்தனார். கிள்ளான் பாசாரில் மீன் விற்கிறாள். ஒரு இந்துப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து சர்ச்சுக்கு வருவதில்லை. குரல் பெரிசு, உடம்பும் பெரிசு. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து போனதும், அவள் உட்கார்ந்த நாற்காலியை நான் டெட்டால் போட்டுத் துடைப்பேன். ஒருமுறை எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். மறந்ததை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று வியாபாரம் முடித்து நேராக வந்தாள். என் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தும் மீன் வாடை எட்டியது. சாமுவேல் விஷயத்தைச் சொன்னார்.

"ஏன் அண்ணி," என்றாள், "சளியதான கேக்கறாங்க? நகையா கேக்கறாங்க?"

நான் அழுதேன். மாஸ்க்குக்குள் அழுவது கஷ்டம், மூச்சு முட்டும். லில்லி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூச்சமா இருக்கா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். நான் தலையாட்டினேன்.

"சரி, காலையில நான் வரேன்."

காலை வியாபாரம்தான் மீன்காரிக்கு வியாபாரம். அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்தாள். மிஸி என்னைச் சக்கர நாற்காலியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வராந்தாவுக்குத் தள்ளிப் போனார். லில்லி என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, படிக்கட்டை மறைத்து நின்றாள். நின்று, தன் முகக்கவசத்துக்குள்ளேயே காற ஆரம்பித்தாள். "க்க்கர்ர்ர்!" அடிவயிற்றிலிருந்து, பாசார் முழுக்கக் கேட்கும் சத்தத்தில். இருமினாள், செருமினாள், மறுபடி காறினாள். படியில் ஏறியவர்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த என்னை யாரும் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில வந்து இப்படியா?" என்று ஒரு பெரியவர் கடிந்துகொண்டார்.

"நெஞ்சு சளி அங்கிள், என்னா செய்யறது? நீங்க போங்க லா," என்றாள் லில்லி. திரும்பாமலே என்னிடம், "இருமுங்க அண்ணி, நான் நிறுத்த மாட்டேன்," என்றாள்.

அவள் சத்தத்துக்குள் நான் இருமினேன். மூச்சை இழுத்து நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் எழுப்பாத சத்தத்தை எழுப்பினேன். வந்தது. கெட்டியாக, பழுப்பும் மஞ்சளும் கலந்து, நாற்றத்தோடு. டப்பாவை மூடினேன். லில்லி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்கு, அண்ணி!"

மிஸி சிரித்துவிட்டார். நான் லில்லிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "போய்க் கையைக் கழுவு," என்றுதான் சொன்னேன். "சரிங்க அண்ணி," என்று போனாள்.

டிபி கிருமி அந்தச் சளியில் இல்லை. அதற்குப் பின் எடுத்ததிலும் இல்லை. ஆனால் வேறொன்று வளர்கிறது, மெதுவாக வளர்கிறது, பொறுங்கள் என்றார்கள். பிறகு ஒரு மத்தியானம் லேபிலிருந்து வார்டுக்குப் போன் வந்தது. டாக்டர் கவிதா ஓட்டமாக வந்தாள்.

"ஆன்டி, வெள்ளத்துக்கு அப்புறம் சேறு கழுவினீங்களா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

நான் சொல்லவில்லை. வீடு சேற்றில் கிடந்ததைச் சொல்வதும் எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி. வெள்ளத்திலும் மழையிலும் மேலே வரும். காயம் வழியாகப் போகும், மூச்சோடும் போகும். சர்க்கரை உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே வேஷம் போடும். டாக்டர் கவிதா என் டிஷ்யூ பெட்டியின் பின்பக்கத்தில் வட்டம் வரைந்து காட்டினாள். ஒரு தட்டில் அகர் என்ற கூழை ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பூசுவார்களாம். மருந்தில் நனைத்த பொட்டு அளவு காகித வில்லைகளை அங்கங்கே வைப்பார்களாம். கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும். கொல்லாத மருந்தின் காலடி வரைக்கும் கிருமி வளர்ந்து நிற்கும்.

"இந்தக் கிருமிக்கு நிறைய மருந்து வேலை செய்யாது. கிளினிக்ல குடுத்ததும், நாங்க முதல்ல போட்டதும் உங்களுக்குப் போதல. இப்ப எது கேக்கும்னு தெரிஞ்சுடுச்சு, ஊசிய மாத்தறோம். அப்புறம் மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். பாதியில விட்டா திரும்ப வந்துடும்."

"இது ஒட்டுமா?"

"ஆளுக்கு ஆள் ஒட்டறது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"அப்படின்னா கதவுல இருக்கற பேப்பர எடுத்துடலாமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆன்டி, இதுல ஆளுங்க செத்துப்போறாங்க," என்றாள் மெதுவாக. "எச்சில் வந்துகிட்டு இருந்த நாளெல்லாம் நான் வீட்டுக்குப் போயும் உங்களப் பத்திதான் யோசிச்சுட்டு இருந்தேன்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஊசி மாற்றியும் காய்ச்சல் உடனே இறங்கவில்லை. சில நாள் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. இந்த நோயில் அப்படித்தான், பொறுமை வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சாமுவேல் டூட்டி முடிந்து யூனிபார்மோடு வருவார். அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவர், கஞ்சி வைத்துக் கொண்டுவருவார். சில நாள் அடிப்பிடித்திருக்கும். என் கைக்குட்டைகளை நான் மடிப்பதுபோலவே சதுரமாக இஸ்திரி போட்டு அடுக்கிக் கொண்டுவருவார். அவற்றில் நான் துப்பினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, மறுபடி இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். லில்லி மத்தியானங்களில் வந்து முதுகைத் தட்டிவிட்டாள். அவள் கை தட்டத் தட்ட நெஞ்சு இளகும். ஒருநாள் காலையில் நெற்றி குளிர்ந்திருந்தது. மிஸி தர்மாமீட்டரை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்து, பெரிய பெரிய மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் நடக்கத் தேறியதும், பாஸ்டர் சபையில் சாட்சி சொல்ல அழைத்தார். எங்கள் வழக்கம் அது. நோயிலிருந்து எழுந்தவர்கள் முன்னால் நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். சாமுவேல் லில்லியையும் கூப்பிட்டிருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவள் கோவிலுக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்து மல்லிகைப்பூ வைத்திருந்தாள்.

"டிங்கியிலிருந்து மீண்டு வந்த நம் சகோதரி," என்று பாஸ்டர் என்னை அழைத்தார்.

அங்கேயே திருத்தியிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது. வரிசை வரிசையாக முகங்கள், எனக்காகப் பப்பாளி இலை அரைத்த கைகள். "டிங்கி என்று கேட்டதும் நான் கலங்கிப்போனேன்," என்று ஆரம்பித்தேன். டாக்டர்களுக்கு நன்றி சொன்னேன், ஜெபித்தவர்களுக்கு நன்றி சொன்னேன், என் கணவருக்கு நன்றி சொன்னேன். லில்லியின் பெயரைச் சொன்னால் அவள் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டிவரும். சொல்லவில்லை. சபை கைதட்டியது. சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லில்லி என்னைத் தனியாக மாமரத்துப் பக்கம் கூட்டிப்போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணி, மூணாவது வரிசையில கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு அக்கா இருந்தாங்களே, யாரு?"

"ஜெயா. என்னோட பாடறவ."

"அவங்க இருமிக்கிட்டே இருந்தாங்க. வாய பொத்தி, பொத்தி. அவங்க வீட்லயும் தண்ணி ஏறுச்சுன்னு அண்ணன் சொல்லுச்சு. உங்களுக்கு டிங்கின்னே நெனச்சுக்கிட்டு இருந்தா, அவங்க டாக்டர்கிட்ட சேத்தப் பத்தி சொல்லுவாங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். தன் பெயரை நான் விட்டுவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, கடைக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். ஜெயாவுக்கும் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிளினிக்கில்தான் மாத்திரை வாங்குகிறோம்.

சாயங்காலம் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"கிரேஸ், உங்க சாட்சி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றாள் ஜெயா. பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"ஜெயா, எனக்கு வந்தது டிங்கி இல்ல. நான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, எக்ஸ்ரே, எச்சில் நிறைந்த டப்பாக்கள், விழுங்கியது, லில்லி காறியது. குழாய் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"உனக்குச் சளி வருதா?" என்று கேட்டேன்.

"சே சே, அதெல்லாம் இல்ல," என்றாள் ஜெயா. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"காலையில நானும் லில்லியும் வரோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றேன். "வாய மட்டும் கொப்பளிச்சிட்டு இரு. வர்றத விழுங்காத."